ஒரே கட்டடம், ஒரே கீரை

ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் எல்லாம் கிடைக்கும். உட்கார இடம் மட்டும் கிடைக்காது. வானிலை அலுவலகத்தில் என் நாற்காலி கடைசி நாள் வரை ஓரங்குலம்கூட நகர்ந்ததில்லை. புயலில் அலுவலகத்தின் கூரையே பறந்துபோனபோதும் நான் அதில் உட்கார்ந்து ‘லேசான காற்று வீசக்கூடும்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நான், வீட்டுக்கு வந்ததும் ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலையும் நாடோடியாகிவிட்டேன்.

காலையில் ஹாலில் போட்டால் மனைவி துடைப்பத்தோடு வருவாள்.

“காலைத் தூக்குங்க.”

தூக்குவேன்.

“நாற்காலியையும் தூக்குங்க.”

தூக்குவேன்.

“நீங்களே கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டீங்கன்னா நல்லா இருக்கும்.”

அந்தப் பக்கம் என்றால் ஜன்னலோரம். அங்கே மருமகள் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பாள். ஒரு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு, “மாமா, கேமராவுல நீங்க தெரியறீங்க. புதுசா சேர்ந்த ஆளான்னு எங்க மேனேஜர் கேக்கறார்” என்பாள். மிச்சம் இருப்பது பால்கனி. எங்கள் பால்கனி வெயிலைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொடியில் போட்ட பனியன் காய்ந்து, முறுகி, எடுக்கும்போது இரண்டாக உடைந்திருக்கிறது. மனைவி அதைப் பழசு என்றாள். அனுபவமில்லாதவள்.

ஆக, இந்த உலகத்தில் என் நாற்காலிக்கு ஏற்ற இடம் ஒன்றே ஒன்றுதான்: மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பாய் விரித்த அளவுக்கு அங்கே நிழல் விழும். காற்று வரும். துடைப்பம் வராது. ஆனால் தொட்டி நிழலில் யாரும் தனி நாற்காலி போடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் விதி இருந்தது. விதியைக் காப்பாற்றத் தலைவரும் இருந்தார்.

தலைவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லாரும் ‘டேப்’ என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா. கார்களுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி, குப்பைத் தொட்டி எவ்வளவு ஆழம், எதிர்வீட்டு மரக்கிளை நம் எல்லைக்குள் எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கிறது, எல்லாவற்றையும் அளந்துவிடுவார். ஒருமுறை நான் படிக்கட்டில் தும்மினேன். நல்லவேளை, நாடாவை எடுப்பதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

இப்படி இருக்கையில்தான் எங்கள் கட்டடத்துக்கு ரத்தப் பரிசோதனை வண்டி வந்தது. இலவசம் என்றதும் வரிசை தெரு முனைவரை போனது. முடிவுகள் வந்த அன்று கட்டடமே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. எல்லாருக்கும் எல்லாம் ஏறியிருந்தது. எங்கள் ரத்தத்தைப் பரிசோதித்த பெண் அந்தக் கண்ணாடிக் குழாயைச் சுற்றி எறும்பு மொய்த்ததாகச் சொன்னாள் என்று கேள்வி. மறுநாளிலிருந்து கட்டடம் முழுக்க சாலட் தின்ன ஆரம்பித்தது.

சாலட்டுக்கு லெட்யூஸ் வேண்டும். கடையில் அது இருந்தது. ஆனால் எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் பறித்து, லாரியில் தூங்கி, எங்கள் ஊர் வெயிலில் விழித்து, நனைந்த கைக்குட்டை மாதிரி வந்து சேர்ந்தது. டேப் சங்கத்தைக் கூட்டினார்.

“நாமளே மாடியில வளர்ப்போம். ஆனா ஆளாளுக்கு ஒரு தினுசா வளர்த்தா ஒழுங்கு இருக்காது. ஒரே கட்டடம், ஒரே கீரை. எந்த ரகம்னு போட்டி வைப்போம். ஆளுக்கு மூணு தொட்டி, நல்ல வெயில்ல. எந்த ரகம் இந்த வெயிலைத் தாங்கி நிக்குதோ அதைத்தான் எல்லா வீடும் வளர்க்கணும்.”

“ஜெயிச்சவங்களுக்கு என்ன?” என்று யாரோ கேட்டார்கள்.

டேப் யோசித்தார். சங்கத்திடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? “தண்ணித் தொட்டி நிழல். ஒரு வருஷத்துக்கு. நாற்காலி போட்டுக்கலாம்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லெட்யூஸ் மரத்தில் காய்க்குமா, கொடியில் காய்க்குமா என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். அதே சமயம் பின்வரிசையில் இன்னொரு கையும் எழுந்தது. மூன்றாம் மாடி ஹெட்மாஸ்டர். வாழ்நாள் முழுக்க மேடையில் நின்றே பேசியவர். இவருக்கு எதற்கு உட்கார இடம்?

விதைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பாக்கெட்டுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

“வெயில் தாங்கற லெட்யூஸ் எது?”

“எல்லாமே தாங்கும் சார். வாங்கறவங்கதான் தாங்க மாட்டாங்க.”

அந்த நேரம் ஹெட்மாஸ்டரும் உள்ளே வந்தார். படத்தில் பந்து மாதிரி உருண்டையாக இருந்த ஒரு பாக்கெட்டை எடுத்து, “இதான் அசல் லெட்யூஸ். ஓட்டல்ல இதைத்தான் வைக்கறான். மத்ததெல்லாம் வெறும் தழை” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். கடையில் இருந்தது நானும் கடைக்காரரும் மட்டும்தான். அவர் குரலுக்கு அது போதாது.

நான் மருமகளுக்குப் போன் போட்டேன்.

“மாமா, உருண்டை கட்டற ரகம் வேணாம். அதுக்குக் குளிர் வேணும்; இந்தச் சூட்டுல உருண்டையே பிடிக்காது. வெண்ணெய் லெட்யூஸ்னு ஒண்ணு, அதுவும் வேணாம், வாடிடும். இலை தனித்தனியா விரியற ரகமாப் பாருங்க. பாக்கெட் பின்னாடி ‘தாமதமாகப் பூக்கும்’னு போட்டிருக்கணும். அதான் முக்கியம்.”

“பூக்கறதுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“சூடு தாங்காம போச்சுன்னா லெட்யூஸ் அவசர அவசரமாத் தண்டு விட்டுப் பூத்துடும் மாமா. அதுக்கப்புறம் ஒரே கசப்பு, வாயில வைக்க முடியாது. சரி, என் மீட்டிங் ஆரம்பிச்சாச்சு. இந்தத் தடவை நீங்க ஆடியோவுல வர்றீங்க.”

பாக்கெட்டுகளைப் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘விரைவில் வளரும்’, ‘மிக விரைவில் வளரும்’, ‘ஆச்சரியப்படும் வேகத்தில் வளரும்’. கடைசியில் தூசி படிந்த ஒன்றில், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் சின்ன எழுத்தில், ‘தாமதமாகப் பூக்கும்’ என்று இருந்தது. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். எதையும் தாமதமாகச் செய்வதன் அருமை எனக்குத் தெரியும். வாங்கிவிட்டேன்.

விதைத்தேன். முளைக்கவில்லை. மறுபடி விதைத்தேன். மண் என்னைப் பார்த்தது, நான் மண்ணைப் பார்த்தேன். மருமகள்தான் அதற்கும் வழி சொன்னாள்: சூடு ஏறிவிட்டால் லெட்யூஸ் விதை கண்ணைத் திறக்காதாம், ஈரத்துணியில் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் கொஞ்ச நாள் வைக்க வேண்டுமாம், பிறகும் மண்ணுக்குள் புதைக்காமல் மேலாகத் தூவ வேண்டுமாம்.

மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து டப்பாவைப் பார்த்தாள்.

“இது என்ன?”

“நாற்றங்கால்.”

“ஃப்ரிட்ஜுக்குள்ள விவசாயம் பண்ற முதல் ஆள் நீங்கதான். தயிர் வைக்க இடமில்ல. நாளைக்கு டிராக்டர் வருமா, சொல்லிடுங்க, காய்கறியை எடுத்துடறேன்.”

“மாடியில நிழல் கிடைச்சுட்டா நாள் பூரா அங்கதான் இருப்பேன்.”

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். தயிரை வெளியே எடுத்துவைத்து, டப்பாவை நடுத்தட்டுக்கு மாற்றினாள். அத்தனை வருஷ இல்லறத்தில் எனக்காக அவள் இவ்வளவு பெரிய தியாகம் செய்ததில்லை.

விதை கண் திறந்தது. மாடிக்குப் போனது. ஹெட்மாஸ்டரின் விதையும் வந்து சேர்ந்தது. அதைத் தன் படுக்கையறை ஏசியில் முளைக்கவைத்தாராம். முதல் மாடி பல் டாக்டர் யார் சொல்லியும் கேட்காமல் வெண்ணெய் லெட்யூஸ் வைத்தார். அது பெயருக்கு ஏற்றபடி மூன்றே நாளில் உருகி ஓடிவிட்டது. ஈரம்கூட மிஞ்சவில்லை.

போட்டியில் மிஞ்சியது இரண்டு பேர். என் செடி ரொம்ப அடக்கம். தட்டு மாதிரி மண்ணோடு படிந்து, ஓரம் சுருண்டு, இளம்பச்சையாய் விரிந்தது. அதற்கு மேல் எழுவதாக உத்தேசமே இல்லை. ஹெட்மாஸ்டர் தினமும் தன் தொட்டியைச் சுற்றிவந்து, “உருண்டை பிடிக்கும், பொறுங்க” என்பார். உருண்டை பிடிக்கவில்லை. வெயில் ஏற ஏற அந்தச் செடிக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது. கிளம்பிய தண்டு நிற்கவே இல்லை. காலையில் முழங்கால் உயரம் பார்த்தேன். டீ குடித்துவிட்டு வந்தால் இடுப்பு. நின்று கவனித்தால் வளரும் சத்தம் காதில் கேட்டது என்று சத்தியம் செய்வேன்.

எனக்குள் ஒரே கும்மாளம். ‘தண்டு விட்டாச்சு, கசந்தாச்சு, ஆட்டம் முடிஞ்சாச்சு’ என்று பிரம்பு நாற்காலியைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினேன். தொட்டி நிழலில் அதை எந்தக் கோணத்தில் போடுவது என்று மனசுக்குள் வரைபடமே போட்டுவிட்டேன்.

தீர்ப்பு நாள். கட்டடமே மாடியில். டேப் நாடாவை உருவிக்கொண்டு வந்தார். முதலில் என் தொட்டி. குனிந்தார், இன்னும் குனிந்தார், முட்டி போட்டார்.

“உங்க செடி எங்க சார்?”

“இதோ, இருக்கே.”

“இதுவா? நான் தொட்டிக்கு மூடி போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.” அளந்தார். நாடாவில் முதல் சில கோடுகளைத் தாண்டவில்லை. தலையை ஆட்டினார், டாக்டர் நோயாளியின் உறவினர்களிடம் ஆட்டுவாரே, அந்த மாதிரி.

ஹெட்மாஸ்டரின் செடிக்கு நாடாவை நிமிர்த்திப் பிடித்தார். போதாமல் ஸ்டூல் கேட்டார். கூட்டம் வாயைப் பிளந்தது.

“வெயிலைத் தாங்கி நிக்கணும்னுதானே சொன்னோம்? இது நிக்குது!” என்றார் டேப். “அது படுத்துக் கிடக்குது!”

ஹெட்மாஸ்டர் ஒரு கணம் தன் செடியைப் பார்த்தார். உருண்டை எங்கே போயிற்று என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். அடுத்த கணமே தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “உருண்டைங்கறது ஆரம்ப வகுப்பு. இது அதைத் தாண்டிப் போயிடுச்சு. இதுதான் வளர்ச்சி!”

கைதட்டல்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “அது பூக்கப் போவுது. சூடு தாங்காமதான் ஓடுது. தின்னு பாருங்க, கசக்கும்!”

“மழைக்காரர் சொல்றார்” என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் கட்டடத்தில் நான் மழை வரும் என்று சொன்னால் துணி காயப்போடுவார்கள். அதுதான் என் மரியாதை.

இருந்தாலும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டு டேப் ஆளுக்கொரு இலை கிள்ளிக் கொடுத்தார். கிள்ளிய இடத்தில் பால் வடிந்தது. எல்லாரும் வாயில் போட்டார்கள். டேப்பின் முகம் பழைய நில வரைபடம் மாதிரி நாலாக மடிந்தது. பல் டாக்டருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே பறந்துவிட்டது. கைதட்டியாயிற்று, தட்டிய கையை இனி என்ன செய்வது? யாரும் துப்பவில்லை.

“நல்ல... அழுத்தமான ருசி” என்றார் டேப், பாதி விழுங்கி.

“கசப்பு மாதிரி இருக்கும்” என்றார் ஹெட்மாஸ்டர். கண் சிவந்திருந்தது. “அதுதான் சத்து. சர்க்கரை பயந்து ஓடிடும்.”

சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டத்தின் தாடைகள் மறுபடி அசைந்தன. என் இலையை யாரும் தொடவே இல்லை. உயரத்திலேயே தோற்றுப்போனதை எதற்கு ருசி பார்ப்பது? எனக்கு ஊக்கப் பரிசு என்று ஒரு பிளாஸ்டிக் குவளை கொடுத்தார்கள். ஹெட்மாஸ்டர் அன்று சாயங்காலமே ஓர் ஈஸிசேரைத் தொட்டி நிழலுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

நான் குவளையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே என் முகத்தைப் படித்துவிட்டாள்.

“அப்ப, நாள் பூரா மாடியில இருக்கப் போறதில்லையா?”

“இல்ல.”

அவள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் என் நிழலுக்கான துக்கம் கொஞ்சம்தான். “சரி, காலைத் தூக்குங்க.”

அதற்குப் பிறகு சங்கத் தீர்மானம் அமலுக்கு வந்தது. ஹெட்மாஸ்டரின் ஏசி அறையிலிருந்து வீட்டுக்கு வீடு நாற்று வந்தது. எல்லாத் தொட்டிகளையும் மேற்குப் பக்கம் ஒரு நீள இரும்பு மேடையில், இடுப்பு உயரத்தில் வரிசையாக அடுக்கினார்கள். தெருவில் போகிறவர்கள் பார்த்து வயிறெரிய வேண்டும் என்று டேப்பின் ஆசை. எங்கள் ஊரில் கோடை என்பது ஒரு பருவம் இல்லை, நிரந்தர உத்தியோகம். எல்லாச் செடிகளும் சேர்ந்து தண்டு விட்டன. ஒன்றை ஒன்று முந்தி, கிளைத்து, மஞ்சள் பூப் பூத்து, மாடியில் காடு எழுந்தது. விமானங்கள் சற்று விலகிப் பறந்தன என்று சொன்னால் மனைவி திட்டுவாள், அதனால் சொல்லவில்லை.

எல்லா வீட்டிலும் அந்த இலையை மென்றார்கள். மென்றதாகச் சொன்னார்கள். குப்பை வண்டி ஓட்டும் அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டார்: “இந்தக் கட்டடத்துக் குப்பை மட்டும் ஏன் சார் பச்சையாவே இருக்கு?”

“சத்து, அம்மா. சத்து.”

போட்டியில் தோற்ற என் மூன்று தொட்டிகளைத் தூக்கிப்போட மாடிக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இரும்பு மேடைக்கு இந்தப் பக்கம், தரையில், நீளமாய், குளுகுளுவென்று நிழல் படுத்துக் கிடந்தது. லெட்யூஸ் நிழல்! தொட்டி நிழல் பாய் என்றால் இது கல்யாண மண்டபம். மேடைக்கு அடியில் என் தொட்டிகளைத் தள்ளினேன். ஓடிப்போய்ப் பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்தேன். விதியில் தொட்டி நிழலில் யார் உட்காரலாம் என்றுதான் இருந்தது; கீரை நிழலில் யார் உட்காரலாம் என்று யாருக்குத் தோன்றும்? டேப் வந்து பார்த்தார், நிழலை நாடாவால் அளந்தார். அளந்து முடிப்பதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டது. மறுபடி அளந்தார். கடைசியில் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நிழல் பட்டதும் என் செடிக்கு உயிர் வந்தது. ஊக்கப் பரிசுக் குவளையால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். வெளி இலையைக் கிள்ளக் கிள்ள உள்ளே புதிதாக வந்தது. மருமகள் மதியம் அதைத் தின்றால் மொறுக் மொறுக்கென்று சத்தம் மீட்டிங் வரை கேட்டு, மேனேஜர் “அது என்ன சத்தம்?” என்றாராம். “எங்க மாமாவோட தோல்வி சார்” என்றிருக்கிறாள்.

ஒருநாள் மத்தியானம் நான் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும்போது ஒரு செருமல். ஹெட்மாஸ்டர். கையில் மடித்த ஈஸிசேர்.

“என்ன சார், தொட்டி நிழல் என்ன ஆச்சு?”

“நிழல் இருக்கு. இருக்க விட மாட்டேங்கறாங்க.” குரல் முதல்முறையாக ஒரே ஓர் ஆளுக்குப் போதுமான அளவில் வந்தது. “மேல வர்றவங்க எல்லாம் என்னைத்தான் பிடிக்கறாங்க. இதை எப்படி சார் தின்றது, வேகவெச்சா கசப்பு போகுமா, சர்க்கரை எப்ப ஓடும்னு. பல் டாக்டர் வந்தா பேசறதே இல்ல. எதிர்ல நின்னு பார்க்கறார்.”

“அப்ப வீட்டுக்குப் போறதுதானே?”

“வீட்டுல எங்க? விதைக்குன்னு குடுத்த ஏசி ரூம்ல இப்ப நாற்று. ஹாலுக்குப் போனா...” அவர் நிறுத்தினார்.

“காலைத் தூக்குங்கன்னு சொல்றாங்களா?”

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பேரை ஒரு முறைப்பில் உட்காரவைத்த கண்கள் அவை. “உங்களையுமா?”

நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். யாரும் சொல்லாமல், நானாக நகர்த்திய முதல் முறை அது. அவர் ஈஸிசேரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேல் அவருடைய வளர்ச்சி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கண் மேடைக்கு அடியில் போனது.

நான் ஒரு இலை கிள்ளி நீட்டினேன். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வாயில் போட்டார். மொறுக் என்றது. மென்றார். தாடை நின்றது. மறுபடி மென்றார்.

“எப்படி?” என்றேன்.

அவர் முதுகை நிமிர்த்தினார். கழுத்தைச் சரிசெய்தார். மாடி முழுக்கக் கேட்கும்படி, “வளர்ச்சி போதாது” என்றார்.

பிறகு மெதுவாகக் கையை நீட்டினார்.

“இன்னொண்ணு குடுங்க, பார்ப்போம்.”